ஒன்பதாவது மெசின்

என் மனைவி குவைத்தில் இருந்த காலத்தில், வாரத்துக்கு அரை மணி நேரம்தான் எனக்கு மனைவி இருந்தாள். மற்ற நேரமெல்லாம் நான் அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் ஆபீசில் கம்பியூட்டர் பார்க்கிற ஆள். அன்றன்றைய கொழுந்து நிறுவையையும் ஆள் கணக்கையும் தட்டிச் சாயங்காலம் கொழும்புத் தலைமை ஆபீசுக்கு அனுப்புவது என் வேலை. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவன் ஒருவன் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தது அந்தத் தோட்டத்தில் அதுதான் முதல் தடவை. அதனால் உட்கார்ந்திருந்தாலும் பாதி எழுந்து நிற்கிற மாதிரியேதான் உட்கார்ந்திருப்பேன்.

அந்த அரை மணி நேரம் வெள்ளிக்கிழமையில் வரும். அவள் வேலை செய்த வீட்டில் வேலைக்காரிக்குப் போன் கிடையாது. கொண்டுபோன போனையும் போன அன்றைக்கே வாங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். ஆனால் அந்த வீட்டு மூத்த மகளுக்கு நல்ல மனசு. வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்து வீட்டம்மா தன் தாய் வீட்டுக்குப் புறப்பட்டதும், அந்தப் பெண் தன் கம்பியூட்டரைத் திறந்து, ஹெட்செட்டை இவள் காதில் மாட்டிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருப்பாளாம். அங்கே இரண்டு மணி என்றால் எங்களுக்கு நாலரை, ஆபீஸ் விடுகிற நேரம். வெள்ளிக்கிழமைகளில் ஆபீஸ் விட்டபின் அரை மணி நேரம் பேசிக்கொள்ள, தோட்டத்தை நடத்துகிற துரையிடம் உத்தரவு வாங்கியிருந்தேன். எங்கள் தோட்டத்தில் உத்தரவு இல்லாமல் தும்மினாலும் குற்றம்தான்.

லயத்தில் இருப்பவனுக்கு என்ன தனிமை என்று கேட்பார்கள். என் காம்பரா ஒற்றை அறை, ஒரு பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். அவர்கள் இருமினால் எனக்குத் தொண்டை கரகரக்கும். புருசனும் பெண்சாதியும் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் தவறாமல் சண்டை பிடிப்பார்கள். அந்தச் சண்டையைத் தொட்டுக்கொண்டு நான் என் ரொட்டியைத் தின்பேன். அவர்கள் சமாதானமாகி மெல்லச் சிரித்துப் பேசுகிற நாட்களில்தான் எனக்குச் சாப்பாடு இறங்காது. கல்யாணமாகி ஒரு வருஷம் சேர்ந்து இருந்தோம், பிறகு அவள் விமானம் ஏறிவிட்டாள். கூரைத் தகரம் ஓட்டையாகிக் கிடந்தது, அதை மாற்றிவிட்டு வந்துவிடுகிறேன் என்றாள். தகரம் மாற்றியாயிற்று. மழைக்காலத்தில் புதுத் தகரத்தில் விழுகிற சத்தம் பெரிய சத்தம். அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்க நான் ஒருவன் மட்டும் இருந்தேன்.

இரண்டு வருஷ ஒப்பந்தம் முடிகிற நேரம் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, வழக்கம்போலச் சாப்பாடு, மழை, பக்கத்துக் காம்பராச் சண்டை என்று பேசி முடித்துவிட்டு, கடைசியில் அவள் விஷயத்துக்கு வந்தாள்.

“என்னங்க, மேடம் இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்லுது. வர்ற வெள்ளிக்கிழமைக்கி அடுத்த நாளு தாளு குடுத்துரணுமாம். நான் வரவா, இருக்கவா? நீங்க சொல்றபடி செய்றேன்.”

அவள் குரல் எனக்கு வந்து சேரக் கொஞ்ச நேரம் எடுக்கும். என் குரல் அவளுக்குப் போய்ச் சேர இன்னும் கொஞ்ச நேரம். அந்த இடைவெளியில் நான் வாயைத் திறந்தேன். அதே சமயம் கீழே பெக்டரியில் ஏதோ பெரிய மெசினைப் போட்டார்கள். ஆபீஸ் பல்ப் மங்கி எரிந்தது, மூலையிலிருந்த ரவுட்டர் பெட்டியின் விளக்குகள் அணைந்து மறுபடி ஒவ்வொன்றாகக் கண் திறந்தன. தொலைபேசிக் கம்பியில் வருகிற இணையத்தை ஆபீசுக்கும் பங்களாவுக்கும் பெக்டரிக்கும் பங்கு போட்டுக் கொடுப்பது அந்தப் பெட்டிதான். அது சுதாரித்து எழுந்தபோது அங்கே அரை மணி நேரம் முடிந்திருந்தது. அவள் பெயருக்கு எதிரே இருந்த பச்சைப் புள்ளி சாம்பல் நிறமாகிவிட்டது.

நான் சொல்ல இருந்தது ஒரே ஒரு வார்த்தை. வந்திரு. அதற்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாகக் கொழும்புக்குப் போன் போட்டு, தலைமை ஆபீசில் கம்பியூட்டர்களுக்குப் பொறுப்பானவரைப் பிடித்தேன். லைன் அடிக்கடி அறுந்து போகிறது, அறிக்கை அனுப்ப முடியவில்லை என்று ஒரு பாட்டம் அழுதேன். அறிக்கைக்காக அவ்வளவு உருகுகிற ஆளை அவர் அதற்கு முன் கண்டிருக்க மாட்டார். மனமிரங்கி, ரவுட்டருக்குள் இருக்கும் மென்பொருள் பழசாகிவிட்டது, புதிய ஃபர்ம்வெயாரை அனுப்புகிறேன், அதை ஏற்றிவிடு, எல்லாம் சரியாகிவிடும் என்றார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான்.

வியாழக்கிழமை பின்னேரம் அது வந்து சேர்ந்தது. நான் ஒன்றும் அவசரக்குடுக்கை இல்லை. ஏற்றுவதற்கு முன் ரவுட்டரில் இருந்த அமைப்புகள் எல்லாவற்றையும் ஒரு கோப்பாகச் சேமித்து, எதற்கும் இருக்கட்டும் என்று திரையில் தெரிந்த பக்கங்களைக் கடதாசியிலும் அடித்து வைத்துக்கொண்டேன். பெக்டரியில் ஒரு மெசினும் போடாத நேரமாகப் பார்த்து ஏற்றினேன். நன்றாகவே ஏறியது. ரவுட்டர் புதுப்பிள்ளை போல எழுந்தது. எழுந்தது சரி, பழசு ஒன்றும் ஞாபகம் இல்லை. அதுதான் கோப்பு இருக்கிறதே என்று சேமித்ததைத் திருப்பிப் போட்டேன். இந்தக் கோப்பு இந்தப் பதிப்புக்கு உரியதல்ல என்று இரண்டு வரி இங்கிலீசில் சொல்லிவிட்டு அது கம்மென்று இருந்தது. மறுபடி போட்டேன். பெட்டியை அணைத்துவிட்டுப் போட்டேன். பிள்ளையாரை நினைத்துக்கொண்டு போட்டேன். அதே இரண்டு வரி.

கொழும்புக்காரரை மறுபடி பிடித்தேன். “மல்லி, பரண எக அலுத் எகட்ட யன்னே நே” என்றார் சிங்களத்தில், பழையது புதியதற்குள் போகாது தம்பி என்று, ஏதோ எனக்கு ஆறுதல் சொல்கிற குரலில். இதை முதலிலேயே சொன்னால் வாயில் இருக்கும் முத்து உதிர்ந்துவிடுமா என்று கேட்க நினைத்தேன். “ஹரி சேர்”, சரிங்க சேர் என்றுதான் வாயில் வந்தது. எல்லாவற்றையும் கையால் தட்ட வேண்டும் என்றார். லைனுக்குரிய கடவுச்சொல்லைக் கடதாசியில் பார்த்தேன். அந்த இடத்தில் வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள் இருந்தன. அந்தச் சொல் ஹட்டனில் இருந்த தொலைபேசி ஆபீசுக்குத்தான் தெரியும். அங்கே பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

அன்றைக்குப் பக்கத்துக் காம்பராவில் சண்டை இல்லை. நான் கூரையைப் பார்த்துக்கொண்டு அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிப் பார்த்தேன். சொல்லும்போது எரிச்சல் மாதிரி கேட்டது. கொஞ்சம் இழுத்துச் சொன்னால் கெஞ்சுகிற மாதிரி இருந்தது. ஒரு வார்த்தையைச் சொல்லத் தெரியாத ஆளாகிவிட்டேனே என்று சிரிப்பாகவும் வந்தது, அழுகையாகவும் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை முழுக்க ஹட்டனுக்குப் போன். இவர் இல்லை அவர், அவர் தேத்தண்ணி குடிக்கப் போயிருக்கிறார் என்று இழுத்தடித்து, மதியம் திரும்பிய பிறகு கடவுச்சொல் கிடைத்தது. தட்டினேன். ரவுட்டரின் கடைசி விளக்கும் பச்சையானது. பெரிய கிளாக்கரே தன் மேசையிலிருந்து எழுந்து வந்து பார்த்தார்.

பெரிய கிளாக்கர் யாழ்ப்பாணத்தவர். நான் பிறப்பதற்கு முன்பே எங்கள் தோட்டத்துக்கு வந்தவர். அவருடைய குடும்பம் யாழ்ப்பாணத்தில், யுத்தத்தால் பாதை பூட்டியிருந்த காலம் அது. அவரும் என்னைப்போல ஒற்றை ஆளாகத்தான் குவாட்டர்சில் கிடந்தார். ஆனால் இரண்டு ஒற்றை ஆட்கள் ஒருவருக்கொருவர் துணையாகிவிடுவார்கள் என்று ஒன்றும் இல்லை. அவர் ஆபீஸ் சாவியை வைத்திருந்தார், நான் வைத்திருக்கவில்லை. எங்கள் உறவு அவ்வளவுதான்.

மிச்சம் இருந்தது ஒரு வேலை. எந்தெந்தக் கம்பியூட்டருக்கு இணையம் கொடுக்கலாம் என்று ரவுட்டரில் ஒரு பட்டியல் உண்டு. காலையில் வேலைக்குப் போகுமுன் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடுவார்களே, அதே மாதிரிதான். பேர் இல்லாதவனுக்கு வேலை இல்லை. பேர் இருக்கிற மெசின்களுக்கு மட்டும்தான் லைன் போக வேண்டும் என்பது துரையின் கட்டளை. பழைய பட்டியலை நானே எழுதியிருந்தேன், எழுதும்போது தோட்டத்து முறைப்படிதான் எழுதினேன். முதலில் துரையின் ஆபீஸ் மெசின். பிறகு பங்களா மெசின், துரைசானியுடையது, அவர்கள் மகனுடையது, சின்ன துரை, பெரிய கிளாக்கர், டீமேக்கர், டிஸ்பென்சரி ஐயா. கடைசியில் நான். வேறு ஒழுங்கில் எழுதலாம் என்பது அப்போதும் எனக்குத் தோன்றவில்லை, அன்றைக்கும் தோன்றவில்லை. பெரிய கிளாக்கர் கடதாசியைப் பார்த்து இலக்கங்களை வாசிக்க வாசிக்க, மேலிருந்து கீழாக அதே வரிசையில் தட்டிக்கொண்டு போனேன்.

எட்டாவதோடு பெட்டி மறித்துவிட்டது. பழைய மென்பொருளில் எத்தனை மெசினையும் சேர்க்கலாம். புதியதில் எட்டுத்தான். ஒன்பதாவது மெசினுக்கு இடமில்லை. என் கையாலேயே பெரட்டு எழுதி, என் பேரையே விட்டுவிட்டேன்.

துரையின் மகன் அவுஸ்திரேலியாவுக்குப் படிக்கப் போய், இரண்டு வருஷமாகத் தோட்டத்துப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. அவனுடைய மடிக்கணினியும் அவனோடு அங்கேதான் இருந்தது. நாலாம் இடத்தில் ஆளே இல்லாத ஒரு மெசின் குந்திக்கொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டு என்னுடையதைப் போடுகிறேன் என்றேன்.

“தம்பி, உது துரையின்ரை மகன்ரை மெஷினெல்லே? துரையிட்டைக் கேளாமல் கை வைக்கேலாது” என்றார் பெரிய கிளாக்கர்.

“அப்ப உங்க மெசின்ல அரை மணி நேரம் பேசிக்கவாங்க ஐயா?”

“என்ரை மெஷினிலையோ? சம்பளக் கணக்கு முழுக்க உதுக்குள்ளைதான் கிடக்குது. ஒண்டு கிடக்க ஒண்டு நடந்தால் ஆர் பதில் சொல்லுறது?”

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்பார்கள். பங்களாவுக்குப் போன் போட்டேன். துரை நுவரெலியாவில் ஒரு கூட்டத்துக்குப் போய் இப்போதுதான் வந்தார், சாப்பிட்டுப் படுத்திருக்கிறார், எழுப்ப ஏலாது என்றார் பங்களாவில் சமைக்கிற அப்பு. மணி மூன்றரை. மேலே போய்க் காத்திருந்தால் கண் திறந்ததும் கேட்டுவிடலாம் என்று, குடையைப் பிடித்துக்கொண்டு ஏறினேன்.

பங்களாவின் முன்வாசல் எங்களுக்குரியது அல்ல. குசினி வாசலில் நின்றேன். அப்பு அடுப்புப் பக்கம் வரச் சொல்லி, ஒரு தகரக் கோப்பையில் தேத்தண்ணி கொடுத்தார். அங்கிருந்து பார்த்தால் சாப்பாட்டு மேசை தெரியும். மேசையில் துரைசானியின் மடிக்கணினி திறந்தபடி இருந்தது. அந்தம்மா பூந்தோட்டத்துப் பக்கம் போயிருந்தார். மதியம் நான் உயிர் கொடுத்த லைன் அதில் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. நான் நின்ற இடத்திலிருந்து பத்து எட்டுக்கூட இருக்காது. ஆனால் அந்தத் தரையில் நான் ஒருநாளும் நடந்ததில்லை.

“தொர எப்ப எந்திரிப்பாரு?” என்று அப்புவிடம் கேட்டேன்.

“அது அவரு கையில இருக்குப்பா. மழை நாள்ல கொஞ்சம் லேட்டாத்தான் எந்திரிப்பாரு.”

சுவரில் மணிக்கூடு இருந்தது. நாலரை ஆனபோது, அங்கே அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்காருவாள் என்று நினைத்தேன். ஹெட்செட்டை மாட்டும்போது முக்காட்டைச் சரி செய்வாளோ என்னவோ, நான் கண்டதில்லை, அங்கே கேமரா கிடையாது. இரண்டு வருஷமாக அவள் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு அவள் வேண்டும்போல இருந்தது. யாரோ ஒரு மனிதனின் மதியத் தூக்கத்துக்கு வெளியே கோப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்கையில், அவள் வேண்டும் என்பதைத் தவிர வேறு ஒன்றுமே எனக்குள் இல்லை. கத்தலாம் என்று நினைத்தேன். எங்கள் குடும்பத்தில் யாரும் பங்களாவில் கத்தியதில்லை.

துரை எழுந்து வந்தபோது ஐந்து மணி தாண்டியிருந்தது. சுவெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு, என்ன என்பதுபோலப் பார்த்தார். அவர் சிங்களவர், தோட்டத்துத் தமிழ் பேசுவார். விஷயத்தைச் சொன்னேன்.

“என்னா, இதி கேக்கவா மழையில வந்தது?” என்று சிரித்தார். “எடுத்துப் போடு. அவன் எங்க வாறது.”

அவ்வளவுதான் உத்தரவு. தேயிலைக்குள் இறங்கிய குறுக்குப் பாதையில் ஓடினேன். குடை எங்கோ விழுந்தது. ஆபீசில் பெரிய கிளாக்கர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார். நாலாம் இடத்தை அழித்து என் மெசினைப் போட்டேன். லைன் வந்தது, பழைய காலத்தைவிட நன்றாகவே வந்தது. அவள் பெயர் சாம்பல் நிறத்தில் இருந்தது. வந்தாளா, எவ்வளவு நேரம் இருந்தாள் என்று அது சொல்லவில்லை.

அவளுக்கு எழுத வாசிக்க அவ்வளவாக வராது. அந்தக் கம்பியூட்டரில் தமிழும் வராது. இனி அடுத்த வெள்ளிக்கிழமைதான் அதை அவளுக்காகத் திறப்பார்கள் என்றும் தெரியும். இருந்தும் இங்கிலீஸ் எழுத்தில் அந்த ஒரு வார்த்தையைத் தட்டி அனுப்பினேன். என்னால் அதைச் செய்யாமல் எழுந்திருக்க முடியவில்லை.

“கதைச்சாச்சோ?” என்று கேட்டார் பெரிய கிளாக்கர்.

“இல்லீங்க.”

அவர் கதவைப் பூட்டிவிட்டு, மழைக்குள் நான் படியிறங்கும்வரை தன் குடையை என் பக்கமாகச் சரித்துப் பிடித்துக்கொண்டு வந்தார். அன்றைக்கு அந்தக் குடையும் எனக்கு ஆத்திரமாகத்தான் இருந்தது.

மறு வெள்ளிக்கிழமை நாலரைக்கு முன்பே ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பச்சைப் புள்ளி வந்தது. நான் என்னவெல்லாமோ சொல்லத் தயாராக இருந்தேன். ஆனால் அவளுக்குப் பின்னால் வேறொரு குரல் கேட்டது. அந்த வீட்டுப் பெண், திரையில் கிடந்ததை எழுத்துக் கூட்டி வாசித்தாள். வன்-தி-ரூ. ஒன்றும் விளங்காமல், அரபு நாக்கால், இரண்டு தரம் வாசித்தாள்.

“இதுங்களா சொல்ல இருந்தீங்க?” என்றாள் என் மனைவி.

“ஆமா புள்ள.”

“போன வெள்ளிக்கிழமை அந்த அரை மணி நேரம் முழுக்க ஒங்க பேரையே பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தேங்க. நீங்க வரல. பெரட்டுல லீவு கேட்டு, கணக்கப்புள்ள வாயத் தொறக்காட்டி என்னாங்க அர்த்தம்? இல்லைன்னுதானே. கூடைய மாட்டிக்கிட்டு மலைக்கிப் போக வேண்டியதுதான். நீங்களும் ஒன்னும் சொல்லல. சரி, இருக்கச் சொல்றாருன்னு நெனச்சிட்டேன்.”

“கையெழுத்துப் போட்டுட்டியா?”

என் கேள்வி போய்ச் சேர வேண்டும், அவள் பதில் வந்து சேர வேண்டும். காத்திருந்தேன்.

“சனிக்கிழமையே போட்டுட்டேங்க.”

பிறகு அவள் சாப்பிட்டீங்களா என்று கேட்டாள். ரொட்டி என்றேன். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பேசினோம். லைன் ஒரு நாள்கூட அறுந்து போகவில்லை.